கடலின் தொட்டிலை உடைத்துவிட்டு மீனைத் தேடுவதா?

"மீனவர் கைது", "படகுகள் பறிமுதல்", "காவல் நீட்டிப்பு" - இந்தத் தலைப்புகள் இல்லாமல் தமிழ்ப் பத்திரிகைகளில் ஒரு மாதம் கழிவதுண்டா? 2024-ஆம் ஆண்டில் மட்டும் நம் மீனவர் 500-க்கும் அதிகமானோரை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றது. பிடித்ததும் ராமேசுவரத்தில் வேலைநிறுத்தம், தங்கச்சிமடத்தில் உண்ணாவிரதம், டில்லிக்குக் கடிதம். சில வாரங்களில் ஆட்கள் விடுதலை. படகுகள் அங்கேயே கிடந்து மக்கும். மறுபடி கைது, மறுபடி கடிதம். கண்டிக்க வேண்டியதை நாம் ஒவ்வொரு முறையும் கண்டித்திருக்கிறோம், இனியும் கண்டிப்போம். ஏழைத் தொழிலாளியின் மீது துப்பாக்கி நீட்டுவதை எந்தச் சர்க்கார் செய்தாலும் அது அக்கிரமமே.

ஆனால் தோழர்களே, ஒரு கேள்வியை நாம் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்துவிட்டோம். பிடிபடுவோம், அபராதம் விழும், படகு போகும் என்று நன்றாகத் தெரிந்தும் அந்தத் தொழிலாளி ஏன் எல்லை தாண்டுகிறான்? வீரத்தைக் காட்டவா? விளையாட்டுக்கா? நம் கரையில் மீன் இல்லை, அதனால் போகிறான். நம் கரையில் மீன் ஏன் இல்லை? இந்தக் கேள்விக்கு மேடையில் பதில் சொல்ல எல்லோருமே தயங்குகிறார்கள். ஏனெனில் பதிலில் ஒரு பங்கு சர்க்கார் மீதும், ஒரு பங்கு முதலாளி மீதும், ஒரு பங்கு நமது வாக்குச் சாவடிக் கணக்கின் மீதும் விழுகிறது.

கடல் என்பது தண்ணீர் நிறைந்த வெளி, வலை போட்டால் மீன் வரும் என்று நகரத்தில் இருப்பவர் நினைக்கலாம். கடல்கரையில் பிறந்தவன் அப்படி நினைப்பதில்லை. மீனுக்குப் பேறுகாலம் உண்டு. குஞ்சு வளர இடம் உண்டு. இறாலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய் இறால் கடலில் முட்டையிடுகிறது, ஒன்றிரண்டல்ல, லட்சக்கணக்கில். பொரித்த குஞ்சு கண்ணுக்குத் தெரியாத தூசியைப் போல நீரோட்டத்தில் மிதக்கிறது. சுமார் மூன்று வாரத்தில் அது கரையைத் தேடி வருகிறது. ஆற்று முகத்துவாரம், அலையாத்திக் காட்டின் வேரடி, கடற்புல் படர்ந்த ஆழமற்ற திடல் - இவற்றில் ஏதோ ஒன்று கிடைத்தால் பிழைக்கும். கிடைக்காவிட்டால் பெரிய மீனுக்கு இரையாகும். சில மாதம் அங்கே தின்று வளர்ந்தபின் திரும்பவும் கடலுக்குப் போகிறது. அப்போதுதான் அது நம் வலைக்கு வர வேண்டியது. நண்டுக்கும், நாம் விரும்பி உண்ணும் பல வகை மீனுக்கும் இதே கதைதான். இந்த இடங்களை விஞ்ஞானிகள் நாற்றங்கால் என்கிறார்கள். உழவுத் தொழிலாளிக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாற்றங்காலில் மாட்டை விட்டு மிதித்துவிட்டு, நடவுக்குப் பயிர் எங்கே என்று கேட்பவனை ஊர் என்ன சொல்லும்?

திருவாடானைக் கரையில் கிடக்கும் செல்வம்

பழைய திருவாடானைத் தாலுகாவின் கடற்கரையை நமது தோழர்களில் பலர் வறண்ட பூமியின் ஓரம் என்றே அறிவார்கள். சீமைக்கருவேல முள், உப்பு மண், மழை தவறினால் ஊரைவிட்டுப் பிழைக்கப் போகும் ஜனங்கள். இது வாஸ்தவம். ஆனால் தொண்டியிலிருந்து தெற்கே நம்புதாளை, முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி என்று இறங்கும் இந்தக் கரைக்கு எதிரே கிடப்பது பாக் விரிகுடா. சராசரி ஆழம் 9 மீட்டர் அளவுதான். ஆழம் குறைந்ததால் வெயில் அடித்தரை வரை இறங்குகிறது. வெயில் இறங்குவதால் தரையில் புல் முளைக்கிறது. கடற்பாசி வேறு, இது வேறு. வேரும் தண்டும் பூவும் உள்ள உண்மையான புல். இந்தியக் கடலில் உள்ள கடற்புல் வகைகளில் பெரும்பாலானவை இந்த விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் உண்டு. இந்தப் புல்லைத் தின்று வாழும் ஆவுளியா என்னும் கடற்பசு, இந்தியா முழுவதிலும் சுமார் 240 மட்டுமே மிஞ்சியிருப்பதாகக் கணக்கு. அவற்றில் பெரும் பகுதி தமிழ்நாட்டுக் கடலில்தான்.

காரங்காட்டில் கோட்டக்கரை ஆறு கடலில் கலக்கும் இடத்தில் ஓர் அலையாத்திக் காடு நிற்கிறது. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து படகில் ஆட்களை ஏற்றிக் காட்டுகிறார்கள். சுற்றுலாவாகவும் அது ஊருக்கு நாலு காசு தருகிறது. நல்லது. ஆனால் பார்க்க வருபவர் படமெடுத்துக்கொண்டு போகும் அந்த மரத்தின் அடியில்தான் இந்தக் கரையின் கூலி அடங்கியிருக்கிறது. மரத்திலிருந்து விழும் இலை சேற்றில் அழுகுகிறது. அழுகலைத் தின்னும் நுண்ணுயிர். நுண்ணுயிரைத் தின்னும் புழுவும் கூனியும். அவற்றைத் தின்னும் இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு, மீன் குஞ்சு. சேற்றிலிருந்து ஆணி அடித்ததுபோல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களுக்கிடையே பெரிய மீன் நுழைய முடியாது. இதைவிட நல்ல பாதுகாப்பை எந்த நிபுணரும் எந்தத் தொட்டியிலும் செய்து தர முடியாது.

அந்தக் காட்டுக்கு உப்பு நீர் மட்டும் போதாது. ஆற்று நீரும் வர வேண்டும். கோட்டக்கரை ஆற்றில் நீர் வர வேண்டுமானால் மேலே ராஜசிங்கமங்கலம் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாய வேண்டும். நாரை பறக்க முடியாத நாற்பத்தெட்டு மடை என்று பேர் வாங்கிய கண்மாய் அது. அதன் வயிற்றில் பல ஆண்டு மண் சேர்ந்து கிடக்கிறது. வரத்துக்கால்களில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கண்மாய் பெருகாத ஆண்டில் ஆற்றுக்கு நீர் இல்லை; ஆற்றுக்கு நீர் இல்லாத ஆண்டில் முகத்துவாரத்தில் மணல் மூடுகிறது; உள்ளே உப்பு ஏறுகிறது; அலையாத்தி குட்டையாகிக் கருகுகிறது.

இந்த இடத்தில் நம்மவர்களும் சேர்ந்து பாடும் ஒரு பல்லவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது" என்பதே அது. கடலுக்குப் போகிற நீரெல்லாம் வீண் என்றால், மோர்ப்பண்ணையில் வலை இழுப்பவன் வயிறும் வீண்தானா? கண்மாயைத் திறந்து கடலில் விடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ராமநாதபுரத்து விவசாயியிடம் அப்படிச் சொல்ல நமக்கு வாய் வராது. கேட்பதெல்லாம் இதுதான்: கண்மாயைத் தூர்வாருங்கள், வரத்துக்காலைத் திறந்துவிடுங்கள், வாடைக் காலத்து மழையில் நிறைந்து கலுங்கு தாண்டும் நீர் தடையின்றி முகத்துவாரம் சேர வழிவிடுங்கள். அதே தூர்வாரலில் நெல்லும் பிழைக்கும், இறாலும் பிழைக்கும். உழவனையும் மீனவனையும் மோதவிட இதில் ஒன்றுமே இல்லை.

மிதித்தவர் யார்?

கரையோரத்தை முதலில் கெடுத்தது ஏழை அல்ல. 1990-களில் இறால் பண்ணை மோகம் வந்தபோது தஞ்சையிலிருந்து ராமநாதபுரம் வரை முதல் போட்டவர்கள் இறங்கினார்கள். உப்பளமும் வயலும் கழிமுகமும் குட்டைகளாயின. குட்டைக் கழிவு வாய்க்காலில் இறங்கியது. சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், கடலோர ஒழுங்கு மண்டலத்தில் உள்ள அத்தகைய பண்ணைகளை அகற்றும்படி தீர்ப்பளித்தது. என்ன நடந்தது? 2005-இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்து பண்ணைகளுக்குப் பதிவுச் சீட்டுக் கொடுத்தது. ஏழைக்கு ஒரு தீர்ப்புக் கிடைத்தால் அதன் ஆயுள் எவ்வளவு என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

பிறகு உப்பூர். அங்கே 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம் எழும் என்றார்கள். கடலுக்குள் பாலம் நீட்டி நீர் எடுக்கவும் விடவும் திட்டம். மோர்ப்பண்ணை மீனவர்கள் எதிர்த்தார்கள். நீர்நிலைகளும் ஓடைகளும் அடைபடுகின்றன என்று விவசாயிகளும் எதிர்த்தார்கள். 2021-இல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்திவைத்தது, வேலை நின்றது. வேலை வாய்ப்பு வருகிறதே என்று அப்போது நமக்குள்ளேயே இரு கருத்து இருந்தது. கரையோர ஜனங்கள் தங்கள் நாற்றங்காலை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதே உண்மை.

இனி, சொல்லக் கூசும் விஷயத்துக்கு வருவோம். இழுவை மடி.

1953-இல் கேரளத்தின் நீண்டகரையில் நார்வே உதவியுடன் துவங்கிய திட்டத்துக்குப் பின், விசைப்படகும் இழுவை மடியும் இந்தியக் கரையெங்கும் பரவின. அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்கு டாலர் கொடுத்தன. சர்க்காரே மானியம் கொடுத்து, கடன் கொடுத்து, "இதுவே முன்னேற்றம்" என்றது. ஆகவே மீனவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் யோஜனை சொன்னவர்களை ஏற்ற வேண்டும். ஆனால் மடி தரையில் என்ன செய்கிறது? இரண்டு கனத்த பலகைகள் மடியின் வாயை விரித்துப் பிடிக்க, இரும்புச் சங்கிலி தரையைச் சுரண்டிக்கொண்டே போகிறது. கடற்புல்லின் தண்டு மண்ணுக்குள் படுக்கையாக ஓடுவது. அது அறுந்தால் திட்டுத் திட்டாகப் புல் செத்துப் போகிறது. கிளம்பிய சேறு நீரைக் கலக்குகிறது. வெயில் இறங்காமல் மிஞ்சிய புல்லும் வாடுகிறது. மடியில் வருவது என்ன? கொஞ்சம் இறால், கொஞ்சம் நண்டு, கொஞ்சம் கணவாய், மீதமெல்லாம் சங்காயம். கோழித் தீவனத்துக்கும் மீன் மாவுக்கும் எடை போட்டு வாங்கிப் போகிறார்களே, அதுதான். அந்தச் சங்காயக் கூடையை ஒரு முறை கிளறிப் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். நாளைக்கு ராமேசுவரம், மண்டபம், தொண்டியில் ஏலத்துக்கு வரவேண்டிய மீன் இன்றைக்குக் கோழிக்குப் போகிறது.

விசைப்படகில் வேலை செய்யும் ஆள் யார்? பெரும்பாலும் படகு அவனுடையதல்ல. பங்குக்கும் முன்பணத்துக்கும் கட்டுப்பட்ட தொழிலாளி. டீசல் காசு கழித்து, ஐஸ் காசு கழித்து, மிச்சத்தில் பங்கு. பாடு இல்லாவிட்டால் முன்பணம் ஏறும். சிறையில் கிடப்பவன் அவன்; படகு போனாலும் மாற்று வழி தேடிக்கொள்ள முடிகிறவர் கரையில் இருக்கிறார். மறுபுறம், வல்லத்திலும் நாட்டுப்படகிலும் போகிறவன் தன் வலையை இழுவை மடி அறுத்துப் போவதைப் பார்க்கிறான். விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பாக் விரிகுடாவில் ஏற்பாடு வந்ததே இந்தச் சண்டையால்தான். 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்று கரையில் நிற்கும் எவனையும் கேட்கலாம்.

அக்கரையில் நிற்பவனும் நம்மவனே

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே இருப்பது சுமார் 30 கிலோமீட்டர். அக்கரையில் மன்னார், கிளிநொச்சி, யாழ்ப்பாணம். அங்கே வலை வீசுபவனும் தமிழ் பேசுகிறவன். 1983-க்குப்பின் யுத்த காலத்தின் பெரும்பகுதியில் கடற்படை அவனைத் தடையின்றிக் கடலில் இறங்கவிடவில்லை. 2009-இல் யுத்தம் ஓய்ந்து, கடன் வாங்கி வலை வாங்கிக் கடலுக்கு வந்தவன் முன் நமது இழுவைப் படகுகள் வரிசையாக நின்றன. இரவில் அவன் வலை அறுந்தது. ஈழத் தமிழருக்காகத் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்வலம் நடத்தினோம்! அந்தத் தமிழனின் அடுப்பை அணைக்கும் மடியைப் பற்றி ஒரு தீர்மானமாவது போட்டோமா? அங்கும் எல்லோரும் உத்தமர்கள் அல்ல. குருநகர், பேசாலைப் பக்கங்களில் அவர்களிடமும் இழுவைப் படகுகள் உண்டு. இருந்தும் 2017 ஜூலையில் இலங்கைப் பார்லிமெண்ட் இழுவை மடித் தொழிலைச் சட்டப்படி தடை செய்துவிட்டது.

எல்லை பற்றி ஒரு வார்த்தை. 1974-லும் 1976-லும் இரு சர்க்கார்களும் கடலில் கோடு கிழித்தன. கச்சத்தீவு பற்றிய வாதம் தேர்தல் தோறும் எழுகிறது. அதன் நியாய அநியாயத்தை இங்கே நாம் பேசப்போவதில்லை. ஒன்றை மட்டும் கேட்போம்: நாளைக்கே அந்தத் தீவு கைக்கு வந்தாலும் அறுந்த புல் முளைத்துவிடுமா? முட்டையும் குஞ்சும் அந்தக் கோட்டை அறியா. வாடை வீசும்போது நீரோட்டம் ஒரு பக்கம் ஓடுகிறது. சோழகம் வீசும்போது மறு பக்கம் ஓடுகிறது. காரங்காட்டு வேரடியில் வளர்ந்த இறால் எந்தப் பக்கத்து வலையில் விழும் என்று யாரும் சொல்ல முடியாது. மன்னார்க் கரையின் கடற்புல்லில் பிறந்த நண்டும் அப்படியே. ஆகவே ஒரு பக்கம் மட்டும் நாற்றங்காலைக் காத்து மறு பக்கம் அழித்தால் இரு பக்கமும் இழக்கும்.

இதை நாம் ஏதோ புதிதாகச் சொல்லவில்லை. இரு சர்க்கார்களும் கையெழுத்திட்ட காகிதமே சொல்கிறது. ஈர நிலங்களைக் காப்பதற்கான 1971-ஆம் ஆண்டு ராம்சார் உடன்படிக்கையில் இந்தியா 1982-இல் சேர்ந்தது. இலங்கை 1990-இல் சேர்ந்தது. இரு நாடுகளுக்குப் பொதுவான ஈர நிலங்கள், நீர்ப் படுகைகள் விஷயத்தில் அந்நாடுகள் கலந்து பேச வேண்டும் என்று அதன் 5-ஆவது ஷரத்து விதிக்கிறது. மன்னார்ப் பக்கம் வங்காலைச் சரணாலயம் 2010-இல் அந்தப் பட்டியலில் ஏறியது. நமது மன்னார் வளைகுடா 2022-இல் ஏறியது. ராமநாதபுரத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களும் ஏறின. 2025-இல் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் கண்மாய்களும் சேர்ந்தன. பட்டியலில் பேர் ஏறுகிறது, பலகை நடப்படுகிறது. கலந்து பேசும் ஷரத்து மட்டும் தூங்குகிறது.

கலந்து பேசவில்லையா என்றால், பேசினார்கள். 2016 நவம்பரில் டில்லியில் இரு நாட்டு மந்திரிகளும் கூடினார்கள். மீன்வளத்துக்கு ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். இழுவை மடித் தொழிலைக் கூடிய சீக்கிரம் முடிவுக்குக் கொண்டுவருவதும் அதன் வேலைகளில் ஒன்று. குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும், மந்திரிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூடுவார்கள் என்றும் அறிவித்தார்கள். அந்தக் கணக்குப்படி எட்டு ஆண்டில் முப்பது தடவைக்கு மேல் குழு கூடியிருக்க வேண்டும். 2024 அக்டோபர் 29-இல் கொழும்பில் நடந்தது எத்தனையாவது கூட்டம் தெரியுமா? ஆறாவது!

2017-இல் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாறும் திட்டம் ராமேசுவரத்தில் கோலாகலமாகத் துவங்கியது. பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவதென்றும், அதற்கு 1,600 கோடி ரூபாய் என்றும் சொன்னார்கள். ஒரு படகின் விலை 80 லட்சம். அதில் 56 லட்சம் இரு சர்க்கார்களின் மானியம், 16 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் மீனவன் கையிலிருந்து. மாறிய படகுகளின் எண்ணிக்கை குறியில் ஒரு சிறு துண்டுதான். ஏன்? பாக் விரிகுடாவில் இரவு போய்க் காலையில் திரும்பிப் பழகியவனை வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிட எனச் சொன்னால் அதற்குப் பயிற்சி வேண்டும், துறைமுகம் வேண்டும், சந்தை வேண்டும். 8 லட்சம் கையில் உள்ளவன் படகு முதலாளியே. பங்குக்குப் போகும் தொழிலாளிக்கு அந்தத் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. கூலிக்காரனை மறந்து தீட்டிய திட்டம் கரையிலேயே தரை தட்டியதில் ஆச்சரியம் என்ன?

பிறர் செய்து காட்டியது

எதிரிகள் கடலைப் பங்கிட்டுக் காக்க முடியுமா என்று சந்தேகிப்பவர் ஐரோப்பாவைப் பார்க்கட்டும். டென்மார்க், ஜெர்மனி, ஹாலந்து ஆகிய மூன்று தேசத்துக் கரையிலும் வாடன் கடல் என்ற ஆழமற்ற சேற்றுக் கடல் நீண்டு கிடக்கிறது. வட கடலின் தட்டை மீன்களுக்கு அதுவே நாற்றங்கால். 1940-இல் ஹிட்லரின் ஜெர்மனி மற்ற இரு தேசங்களையும் படையெடுத்துப் பிடித்தது. அந்த ரத்தம் காய்ந்து நாற்பது ஆண்டுகூட நிரம்பாத 1978-இல் மூன்று தேசத்து மந்திரிகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். 1982-இல் கூட்டுப் பிரகடனம். 1987-இல் பொதுச் செயலகம். 1988-இல் கொள்ளைநோய் வந்து அங்குள்ள கடல்நாய்களில் பாதிக்கு மேல் மாண்டன. உடனே மூன்று தேசமும் அவற்றுக்காகத் தனி ஒப்பந்தம் செய்தன. கடல்நாய்கள் பல மடங்காகப் பெருகின. அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டோம். இறால் மடி இன்னும் இழுக்கிறார்கள், அதில் தகராறும் உண்டு. ஆனால் தகராறைத் துப்பாக்கியில் தீர்ப்பதில்லை.

ஐரோப்பா வரை போவானேன்? வங்கக் கடலிலேயே ஒன்று நடந்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. பங்களாதேஷில் தடை மே 20-இல் தொடங்கி ஜூலை 23 வரை இருந்தது. அவர்கள் படகைக் கட்டிப்போட்ட நாளில் நம் படகுகள் வந்து மீனை அள்ளுகின்றன என்று அங்குள்ள மீனவர்கள் குமுறினார்கள். 2025-இல் பங்களாதேஷ் சர்க்கார் தடைக் காலத்தை ஏப்ரல் 15 முதல் ஜூன் 11 வரை என மாற்றி நமது காலத்தோடு பொருத்திக்கொண்டது. பெரிய மாநாடு இல்லை, மாலை மரியாதை இல்லை, தேதியை மாற்றினார்கள். பாக் விரிகுடாவில் இது ஏன் முடியாது? நாம் 61 நாள் பட்டினி கிடந்து மீனை வளரவிட்டு, 62-ஆம் நாள் அந்த மீனையும் அக்கரைப் புல்லையும் சேர்த்துச் சுரண்டப் போவதுதான் இப்போதைய நிலைமை.

நாற்று நடுவதிலும் இரு கரைகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க வேண்டியது நிறைய. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் அலையாத்தி நட்டார்கள். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நட்ட 23 இடங்களைப் போய்ப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு செடிகூட உயிரோடு இல்லை. ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் நட்டதில் தேறியது இருநூற்றுச் சொச்சம். தவறான இடத்தில், தவறான வகையை, நீர் ஏறி இறங்காத தரையில் நட்டார்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊராரும் செய்ததோ வேறு. கெட்டுப்போன காட்டில் நீர் தேங்கி உப்பேறிய பள்ளங்களைப் பார்த்தார்கள். நடுவில் ஒரு பெரு வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன் முள்ளைப் போல வெட்டினார்கள். ஓதம் ஏறியது, வற்றியது, உப்புக் கழுவப்பட்டது; மரம் பிழைத்தது. இந்த வேலை மண்வெட்டிக்காரன் வேலை. மன்னாரிலும் இதைச் செய்யலாம். நம் ஆட்களே போய்க் காட்டிக் கொடுக்கலாம். அங்கே மன்னாருக்கு வடக்கே விடத்தல்தீவு இயற்கைக் காப்பிடத்தின் ஒரு பகுதியை 2024-இல் நீர்வாழ் உயிர்ப் பண்ணைக்காக விடுவிக்க அவர்கள் சர்க்கார் முனைந்தபோது, விவகாரம் வழக்கு மன்றம் வரை போனதையும் சேர்த்துப் படியுங்கள். முதலாளிக்கு இரு கரையிலும் ஒரே குணம்.

கடற்புல்லையும் திரும்ப நடலாம். தஞ்சைக் கரையில் மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு பின்னி, அதில் புல்லைக் கட்டித் தரையில் இறக்கியிருக்கிறார்கள். மூங்கிலும் கயிறும் மக்குமுன் புல் வேர் விடுகிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் இறால் குஞ்சுகளைப் பொரிக்க வைத்துக் கடலில் விடுகிறது. ஆனால் காவல் இல்லாத நாற்றங்காலில் எத்தனை நட்டாலும், எத்தனை விட்டாலும் மறுநாள் மடி வந்துவிடும். 2022 செப்டம்பரில் ராஜ்ய சர்க்கார் ஆவுளியாவுக்காக 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதல். வரவேற்கிறோம். ஆனால் அது அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினத்தோடு நின்றுவிட்டது. தொண்டிக் கரை அதற்குள் வரவில்லை. ஆவுளியா அம்மாபட்டினத்தில் நின்று திரும்புமா?

ஆகவே நமது கோரிக்கைகளை இப்போதே வரையறுத்துக்கொள்வோம். கடற்புல் திடல்களில் இழுவை மடி நிற்க வேண்டும். வருஷக் கணக்குப் போட்டுப் படிப்படியாகப் படகுகளைச் சர்க்கார் விலைக்கு வாங்கட்டும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு, படகில் உழைத்தவன் பேருக்குத் தனியாகப் போக வேண்டும். அவன் முன்பணக் கடன் ரத்தாக வேண்டும். காட்டு வாய்க்கால் வெட்டவும் புல் நடவும் காவல் காக்கவும் அவனுக்கும் அவன் வீட்டுப் பெண்களுக்கும் நிரந்தரக் கூலி வேண்டும். தடைக்காலம் இரு கரைக்கும் ஒரே தேதியில் வர வேண்டும். இரு கரையிலும் அந்த நாட்களுக்கு நிவாரணம் வேண்டும். சென்னையிலேயே வங்காள விரிகுடாத் திட்ட நிறுவனம் இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினர்கள். புதிதாக ஸ்தாபனம் தேட வேண்டியதில்லை. கூட்டுப் பணிக்குழுவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை, சொன்னபடி கூட்டட்டும். அதில் அதிகாரிகளும் படகு உரிமையாளரும் மட்டும் உட்காரக் கூடாது. நாட்டுப்படகுக்காரரும் கூலித் தொழிலாளரும் மன்னார், யாழ்ப்பாணத்து மீனவரும் உட்கார வேண்டும்.

இழுவை மடியை எதிர்த்தால் ராமேசுவரத்தில் வாக்குப் போய்விடும் என்று சில தோழர்கள் காதில் ஓதுகிறார்கள். படகு உரிமையாளர் சங்கத்தில் வாக்குப் போகலாம். பங்குக்காரரிடமும் வல்லக்காரரிடமும் போய்ப் பேசிப் பார்த்தார்களா? திருவாடானைத் தாலுகாவிலுள்ள நமது கிளைகள் ஒரு வேலையை உடனே எடுத்துக்கொள்ளட்டும். ஐப்பசி மழை இறங்குமுன், விவசாய சங்கத் தோழர் இருவர், மீனவர் சங்கத் தோழர் இருவராகச் சேர்ந்து, ராஜசிங்கமங்கலம் கலுங்கிலிருந்து காரங்காட்டு முகத்துவாரம் வரை ஆற்றோடு நடந்து செல்லட்டும். எந்த இடத்தில் அடைப்பு, எந்த இடத்தில் கருவேலம், எங்கே பண்ணைக் கரை ஆற்றை மறித்திருக்கிறது என்று நோட்டில் குறித்து வரட்டும். அந்தக் குறிப்பை ஒரு பிரதி கலெக்டருக்கும், ஒரு பிரதி நமக்கும் அனுப்பட்டும். கிடைத்ததும் இந்தப் பகுதியிலேயே முழுமையாக வெளியிடுவோம்.